அம்மா என்று எழுதிய டப்பா

டப்ளினில் அழுக்கைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். சினிமா மேக்கப் சாமான் விற்கும் கடையில் ஒரு அலமாரித் தட்டு முழுக்க அழுக்குத்தான். வயல் அழுக்கு, சாலைப் புழுதி, எண்ணெய்க் கறை, நகத்தடி அழுக்கு என்று பெயர் ஒட்டி வரிசையாக வைத்திருப்பார்கள். செம்மண்ணுக்கும் ஒரு பாட்டில் உண்டு. முதல்முறை அதன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன், முகப் பவுடர் வாசனை அடித்தது. கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டிலிருந்து வரும் என் அம்மா, வாசலில் நின்று காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் வீட்டுக்குள் நுழைவாள். அவள் கழுவி ஊற்றியதெல்லாம் அங்கே மூடி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரப் பெண் எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியாமல் தானும் சிரித்துவிட்டு, "எந்த அழுக்கு வேண்டும்?" என்று மரியாதையாகக் கேட்டாள். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இன்றைக்குக் கூசுகிறது.

இதை நான் கொல்லிமலையில், அம்மாவின் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். விடுமுறைக்கு வந்திருக்கிறேன். நான் வேலை செய்த முதல் படத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு செய்தது நான் இல்லை, அம்மா. வந்த நாளிலிருந்து நான் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பிளஸ் டூ முடித்ததும் சேலத்தில் பியூட்டீஷியன் கோர்ஸ் சேர்ந்தேன். அப்பா அப்போதுதான் இறந்திருந்தார். நான் ஒரே பிள்ளை. மிளகுக் கொடிகளையும் கிழங்குக் காட்டையும் அம்மா ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு என்னைப் படிக்க வைத்தாள். சேலத்துப் பார்லரில் எனக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் மறைப்பதுதான். கருவளையத்தை மறை, பருவை மறை, மணப்பெண்ணை அவள் நிறத்துக்கு இரண்டு படி வெளுப்பாகக் காட்டு. ஒருமுறை அம்மா மலையிலிருந்து இறங்கி வந்து, பார்லர் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து நான் ஒரு பெண்ணுக்கு முகூர்த்த மேக்கப் போடுவதை முழுக்கப் பார்த்தாள். எழுந்து போகும்போது, "ஒண்ணுமில்லாத மொகத்தைக்கூட மகாலட்சுமியாட்ட ஆக்கிப்போட்டயே கண்ணு" என்றாள். அந்தப் பெண்ணின் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று எனக்குப் பதறியது. அன்றிலிருந்து அம்மாவுக்கு மேக்கப் என்றால் அதுதான் அர்த்தம். ஒரு முகத்தைப் பார்க்கத் தகுந்ததாக ஆக்குவது.

கல்யாணமாகி டப்ளின் போனேன். கணவர் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் சினிமா மேக்கப் வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியர் பெயர் பிரீடா. வாயில் எப்போதும் ஒரு பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டிருப்பார். முதல் வகுப்பில் என் திறமையைக் காட்ட நினைத்து, பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு முகத்தில் ஒரு புள்ளி தெரியாமல் பூசி நிறுத்தினேன். பிரீடா பார்த்தார். "யூ ஆர் கிராண்ட்" என்றார். வீட்டுக்கு வந்து, ஆசிரியர் என்னைப் பிரமாதம் என்று சொல்லிவிட்டதாகக் கணவரிடம் பீற்றிக்கொண்டேன். அவர் சட்டையை மடித்துக்கொண்டே, "இந்த ஊர்ல அதுக்குப் பரவாயில்ல விடுன்னு அர்த்தம்" என்றார். மறு வகுப்பிலிருந்து விளங்கியது. அங்கே முகத்தைக் கெடுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அடிபட்ட கன்னம், தூக்கமில்லாத கண், வெடித்த உதடு. தோலை இழுத்துப் பிடித்து ரப்பர் பாலைத் தடவி, சூடான காற்றில் காயவைத்து விட்டுவிட்டால் முப்பது வயது முகம் அறுபதாகச் சுருங்கும். சேலத்தில் எதையெல்லாம் மறைத்தேனோ அதையெல்லாம் அங்கே ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன்.

ஒரு நாள் பிரீடா, நிஜமான முகம் ஒன்றின் போட்டோவைக் கொண்டுவரச் சொன்னார். "வெதர்ட்" முகம் வேண்டும் என்றார். வெயிலும் மழையும் வேலை செய்த முகம் என்று அகராதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. போனில் அம்மாவிடம், "உன் மொகத்தைப் பாத்து இங்க மேக்கப் போடணும், ஒரு போட்டோ அனுப்பும்மா" என்றேன். அம்மா பஸ் பிடித்துச் செம்மேட்டுக்குப் போய், ஸ்டுடியோவில் படம் எடுத்து அனுப்பினாள். என் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவை, தலை நிறைய கனகாம்பரம், கழுத்து வரைக்கும் பவுடர். மிச்சத்தை ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் முடித்திருந்தார். ஒரு சுருக்கம் இல்லை. பின்னால் பனிமலை ஒன்று வேறு. பிரீடா நெடுநேரம் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறார். ஆனால் முகம் எங்கே?" என்று கேட்டார்.

அன்று மாலையே அம்மாவைக் கூப்பிட்டேன். புடவை வேண்டாம், பவுடர் வேண்டாம், காட்டிலிருந்து வந்தவுடனே கை கால் கழுவாமல் எடுக்கச் சொன்னேன்.

"ஏங்கண்ணு, அந்தக் கோலத்துலயா? வெள்ளக்காரங்க பாக்கறதுன்னியே."

"பாடத்துக்குத்தாம்மா."

"பாடத்துக்குன்னா செரி. சரசுகிட்டச் சொல்லி எடுக்கறேன்."

சரசக்கா பக்கத்து வீடு. அவர் போனில் எடுத்த படங்கள் மறுநாள் வந்தன. கிழங்கு பிடுங்கிய மண்ணோடு கைகள், வியர்வையில் ஒட்டிய முடி, வெடித்த குதிகால், வெயில் பார்த்துப் பார்த்து இடுங்கிப்போன கண்கள். கேமராவை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல், கையெழுத்துப் போடச் சொன்ன ஆபீசரைப் பார்ப்பதுபோல அம்மா பார்த்திருந்தாள். பிரீடா அவற்றைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் குத்தினார். மாணவிகள் ஒவ்வொருவராக வந்து, அம்மாவின் கண்ணோரத்தை விரலால் தொட்டுப் பார்த்து "என்ன டெக்ஸ்சர்!" என்றார்கள். பிரீடா, "இவரை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். யாரோ ஊர்க்காரர் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. அந்த வகுப்பில் அன்றைக்கு எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதுதான் இப்போது நினைக்கவே பிடிக்காத விஷயம்.

அந்தப் படங்கள்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தன. பிரீடா மேக்கப் பொறுப்பேற்ற ஒரு படத்தில், இந்தியாவிலிருந்து வந்து யாருமில்லாமல் டப்ளின் தெருவில் படுத்துக் கிடக்கும் ஒரு கிழவியின் வேடம். நடித்தவர் லண்டனில் பிறந்த இந்திய நடிகை, நாற்பது வயதுகூட இருக்காது. அவரைச் சுவரில் இருக்கும் அந்தப் பெண்மணியாக மாற்ற வேண்டும் என்று சொல்லி பிரீடா என்னை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். விடிவதற்கு முன் ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து, நடிகையின் முகத்தில் என் அம்மாவைப் போட்டேன். கழுத்து வரியிலிருந்து மேலுதட்டு மரு வரைக்கும். நிறத்தையும் போட்டோவைப் பார்த்துப் பார்த்து நானே கலந்தேன். கலந்ததை ஒரு சின்ன டப்பாவில் அடைத்து, மற்ற டப்பாக்களோடு குழம்பாமலிருக்கத் தமிழில் "அம்மா" என்று எழுதி ஒட்டினேன். பிரீடா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எப்படிப் படிப்பது என்று கேட்டார். சொன்னேன். ஏதோ இந்தியக் கம்பெனிப் பெயர் என்று நினைத்துக்கொண்டு, "அற்புதமான நிறம். தீர்ந்துபோனால் இந்த அம்மாவை எங்கே வாங்கலாம்?" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கேயும் கிடைக்காது என்றேன். கையிருப்பு இல்லை என்று புரிந்துகொண்டு அவர் தலையாட்டினார்.

இந்த முறை நான் நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி வந்து சேர்வதற்குள், வாழவந்தி நாடு முழுக்கச் செய்தி பரவியிருந்தது. உன் முகத்தைப் பார்த்துத்தான் நடிகைக்கு மேக்கப் என்று போனில் அம்மாவிடம் சொல்லியிருந்தேன், என்ன வேடம் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர், "ஏனுங்க, உங்கம்மா மொகத்த வெச்சுத்தான் சீமைல நடிகைக்கு மேக்கப் போட்டீங்களாமா?" என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டில் அம்மா படத்துக்காகக் காத்திருந்தாள். சிக்னல் இல்லை என்று ஒரு நாள் ஓட்டினேன். மலையில் அது நல்ல சாக்கு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால், "சிக்னல் எதுக்கு, லேப்டாப்புக்குள்ளயே இருக்குதுன்னு மாப்பிள்ள சொன்னாரே" என்று அம்மா மடக்கினாள். என்னைக் காட்டிக்கொடுக்க என் வீட்டுக்காரர் அங்கிருந்தே போன் செய்திருக்கிறார்.

நேற்று மத்தியானம் வேறு வழியில்லாமல் போட்டேன். அம்மா தலைக்குக் குளித்து, பவுடர் போட்டு, அந்தப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தன்னைத் திரையில் பார்க்கப்போகிற ஒருத்தி வேறு எப்படி உட்காருவாள். சரசக்காவும் வந்தார். வெளிச்சம் வராமல் கதவைச் சாத்தினேன். மழை பெய்யும் தெருவில், கடை வாசலில், அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருக்கிறாள் அந்தக் கிழவி. யாரோ வைத்துவிட்டுப் போன காகிதக் குவளையை எடுத்துக் குடிக்கிறாள். முகம் பக்கத்தில் வந்ததும் சரசக்கா சட்டென்று அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அம்மாவை அந்தக் கோலத்தில் போட்டோ எடுத்தவர் அவர்தானே. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

அம்மாவுக்குத் தெரியவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அய்யோ பாவம், என்ன கெதி வந்திருக்குது பாரு" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்தம்மாளுக்குப் புள்ளைங்க யாரும் இல்லியா கண்ணு?" என்றாள்.

"ஒரு பொண்ணு இருக்குதும்மா. வெளியூர்ல."

"பெத்த தாயி இப்படிக் கெடக்கறது அதுக்குத் தெரியாதா?"

சரசக்கா அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி, "நான் வாரேன்" என்று எழுந்து போய்விட்டார். படம் பாதி தாண்டியது. அம்மா நெளிந்தாள். புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"என்ற மொகம் எப்ப வரும்?"

கடைசியில் வரும், கத்தரித்துவிட்டார்கள், வேறு படம் மாற்றிப் போட்டுவிட்டேன் என்று என்னென்னவோ பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. படத்தை நிறுத்தினேன். நின்ற இடத்தில் அந்தக் கிழவியின் முகம் பெரிதாக நின்றது. "இதுதாம்மா" என்றேன்.

அம்மா திரைக்கு அருகே போனாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தன் மேலுதட்டு மருவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் மருவையும் தொட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இம்புட்டு கறுப்பாவா இருக்கறன்?" என்று மட்டும் கேட்டாள்.

பையைத் திறந்து அந்த டப்பாவை எடுத்தேன். கதவைத் திறந்து அம்மாவை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப் போனேன். கன்னத்துப் பவுடரை ஈரத்துணியால் துடைத்து, விரலால் ஒரு பொட்டு நிறம் எடுத்து வைத்தேன். பொருந்தவில்லை. வேறெங்கிருந்தோ தெறித்த சேறு மாதிரி கன்னத்தில் தனியாக நின்றது. சாயங்கால நிழலில், சரசக்காவின் பழைய போனில் எடுத்த படத்தைப் பார்த்துக் கலந்த நிறம் அது. அம்மாவின் நிறத்தில் ஒரு செம்மை ஓடுகிறது. அது போட்டோவில் வரவில்லை. அத்தனை விடிகாலைகளிலும் எனக்கு நினைவுக்கும் வரவில்லை. கறுப்பாகக் காட்டியது குற்றமில்லை. பெற்றவளின் நிறம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் உறைத்தது.

"இல்லம்மா, இது உன்ற நெறம் இல்ல" என்றேன். அம்மா கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். முகம் தெளிந்துவிட்டது.

"அதானே பாத்தேன். அப்ப அது நான் இல்ல. சரசுகிட்டச் சொல்லோணும்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, விரலில் மிச்சமிருந்ததை என் மணிக்கட்டில் துடைத்தாள். "உனக்கு ஒத்து வருதான்னு பாரு." எனக்கும் ஒத்து வரவில்லை. குளிர் நாட்டில் முழுக்கைச் சட்டைக்குள்ளேயே கிடந்து என் தோல் வெளிறிப் போயிருக்கிறது. அவள் கன்னத்தில் ஒன்றும் என் கையில் ஒன்றுமாக, இரண்டு பேருக்கும் சேராத ஒரே நிறத்தோடு கொஞ்ச நேரம் வாசலில் நின்றோம். "செரி, சேலத்துல போடுவியே, அந்த மாதிரி ஒருக்கா எனக்குப் போட்டு உடு சாமி" என்று அம்மா முகத்தை நீட்டினாள். என் பெட்டியில் அதற்கான சாமான் ஒன்றுகூட இல்லை. காயத்துக்கும் அழுக்குக்கும்தான் இருந்தது. அவளுடைய பவுடரையே எடுத்துப் பூசிவிட்டேன்.

இன்று காலை மேட்டில் ஏறி நின்றபோது சிக்னல் கிடைத்தது. பிரீடாவிடமிருந்து செய்தி வந்திருந்தது. அடுத்த படம் உறுதியாகிவிட்டதாம், அதிலும் தெருவில் கிடக்கும் ஒருத்தி உண்டாம். கீழே, அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் கூட்டி எழுதிக் கேட்டிருந்தார்: "அம்மா இன்னும் கொஞ்சம் இருக்கிறதா? காய்ந்துபோக விட்டுவிடாதே."

கீழே காட்டில் அம்மா கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் இன்னும் பதில் எழுதவில்லை.