இடம் மாறிய தலையாட்டல்

எங்கள் பீங்கான் பொம்மை கம்பெனிக்கு விளம்பர வீடியோ எடுக்க வந்தவர் அவர். ஒல்லியான ஆள். ஹெட்போனை ஒரு காதில் மட்டும்தான் மாட்டுவார். இன்னொரு காது எதிரில் இருப்பவர் பேச்சுக்காம். என்னிடம் வேலை எப்படி என்று கேட்டார். "பொம்ம தேய்க்குற தூசி மூச்சுல ஏறுதுங்க. மாஸ்க்கு கூட குடுக்கல" என்றேன். அதுவரை யாரும் கேட்டதில்லை. கேமராவை அணைக்காமலே, "டீ சாப்பிடுறீங்களாக்கா?" என்றார். சிரித்துத் தலையாட்டினேன்.

வீடியோவில் முதலாளி, "எங்க ஆளுங்களுக்கு ஒரு கொறயும் இல்ல" என்கிறார். அடுத்து நான் சிரித்துத் தலையாட்டுகிறேன். என் பக்கத்தில் இருமிக்கொண்டே பொம்மை தேய்ப்பவள் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

ஜங்ஷன் பக்கம் இருக்கும் அவருடைய வீடியோ கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். ஒரு காதைத் திறந்து வைத்து முழுவதும் கேட்டார். பிறகு கம்ப்யூட்டர் திரையில் என் தலையாட்டலை மௌஸால் இழுத்து, டீ கேட்டதற்குப் பின்னால் வைத்துக் காட்டினார். திரும்ப முதலாளி பேச்சுக்குப் பின்னால் தள்ளினார்.

"ரெண்டு எடத்துலயும் சரியா உக்காருது பாருங்க. நான் எதையும் சேக்கலக்கா. உங்க தலதான்."

எழுந்தேன்.

"டீ சாப்பிட்டுப் போங்கக்கா" என்றார். அந்தக் குரலில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. என் தலை தானாக ஆடப் பார்த்தது.