மிதித்த மண்ணில் நின்ற கள்ளி

எங்கள் வீட்டுக் கள்ளி மருமகள் கொண்டுவந்தது. கல்யாணம் முடிந்து அவள் மரக்காணம் வந்தபோது பீரோ, கட்டில் எல்லாம் வேனில் பின்னால் வந்தன. பெயிண்ட் பக்கெட்டில் இருந்த இதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பொம்மையார்பாளையத்தில் அவள் அம்மா வீட்டில் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து வளர்த்ததாம். அப்போது ஒரு முழம் இருந்தது. இரண்டு வருஷத்தில் என் இடுப்புக்கு வந்துவிட்டது. தூண் மாதிரி ஒரே தண்டு, ஓரமெல்லாம் முள்.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, அடியில சைடுல ஒரு கிள வந்திருக்குது பாருங்க. அந்த வெயிட்டுல செடி சாயுது. அத மட்டும் அறுத்து எடுத்துடுங்க. தண்ணி ரொம்ப ஊத்தாதீங்க."

அவள் என்னிடம் கேட்ட முதல் வேலை அது. சோறு போடுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், ஆனால் எனக்கு இது வேண்டும், அது வேண்டும் என்று வாய் திறந்தவள் இல்லை. அதனால் மறுநாளே கத்தியை எடுத்தேன். என் வீட்டுக்காரி பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னாயா பண்ற? புள்ளத்தாச்சி வளத்தது. புள்ள பொறக்கற வரைக்கும் அதுல கத்தி படக்கூடாது."

"அவளேதாண்டி அறுக்கச் சொன்னா."

"அவ சின்னப் பொண்ணு. உனக்கு இன்னா, வயசாவல?"

என் மகன் இவள் வயிற்றில் இருந்தபோது நான் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை. உப்பளத்து வாய்க்காலில் ஒரு தண்ணீர்ப் பாம்பு வந்தது; கூட வேலை செய்தவர்கள் அடி அடி என்றார்கள். நான் அதைக் கழியில் ஏந்திக் கொண்டுபோய் அந்தப் பக்கம் விட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நம்பவில்லை என்று சொல்லவும் பயம்.

கத்தி வைக்காமல் செடியை நிமிர்த்த வேண்டும். உப்பு ஏறாத மண்ணாக இருக்கட்டும் என்று ஏரிக்கரைக்குப் போய்க் களிமண் கொண்டுவந்தேன். பக்கெட்டில் கொட்டி, செடியை நேராகப் பிடித்து, சுற்றி மிதித்தேன். எங்கள் உப்பளத் தொழிலில் பாத்தியை மிதிப்பதுதான் முதல் வேலை. ஈர மண்ணில் வரிசையாக நின்று, குதிகாலை ஊன்றி ஊன்றி, நாள் கணக்கில் மிதிப்போம். தரை சிமெண்ட் போல் இறுகினால்தான் விட்ட தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும், வெயிலில் உப்பாகும். நாற்பது வருஷம் அதைச் செய்த கால் இது. செடி அசையாமல் நின்றது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

ஐப்பசி மழை ஆறு நாள் பெய்தது. ஏழாம் நாள் பார்த்தால் பக்கெட்டில் தண்ணீர் அப்படியே நிற்கிறது. சாய்த்துக் கொட்டினேன். அடித்தண்டில் விரல் வைத்தேன், உள்ளே போனது. விரலில் அழுகின பூசணிக்காய் நாற்றம்.

அன்று சாயங்காலம் மருமகள் போன் செய்தாள். கால் வீங்குகிறதாம், டாக்டரம்மா பிரஷர் இருக்கிறது என்றாராம்.

"கள்ளி எப்படி இருக்குது மாமா?"

"நல்லாருக்குதும்மா" என்று சொல்லிவிட்டேன்.

பிரஷரோடு இருப்பவளிடம் வேறு என்ன சொல்வது? ஆனால் சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை. காலையில் பஸ் ஏறி, பெரிய முதலியார்சாவடியில் செடி விற்கிறவர் ஒருவரிடம் போய்க் கேட்டேன்.

"மண்ணு எப்படி?" என்றார்.

"உப்பளத்துல மிதிக்கற மாதிரி நல்லா மிதிச்சி வெச்சிருக்கேன்."

"மிதிச்சியா? பெரியவரே, நீ கள்ளி வெக்கல. உப்பு போட்டிருக்க."

பக்கத்தில் சட்டி கழுவிக்கொண்டிருந்த பெண்கூடச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அழுகல் தண்டுக்குள் மேலே ஏறிக்கொண்டே இருக்கும், இன்றே அறுக்க வேண்டும் என்றார். அறுத்த இடத்தில் நடுவே பழுப்பு தெரிந்தால் இன்னும் மேலே அறு, சுத்தமாகத் தெரிகிற வரைக்கும் விடாதே, ஒவ்வொரு அறுப்புக்கும் கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவு, பிறகு நிழலில் வைத்துக் காய விடு, உடனே நடாதே என்று நிதானமாகச் சொன்னார்.

"ரெண்டு வாரம் பொறுக்கலாமா?" என்றேன். பிரசவத்துக்கு அவ்வளவு நாள்தான் இருந்தது.

"பொறுத்தா அறுக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒரே கணக்கு. அறுத்து, அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஒன்று ஆனால், கத்தி பிடித்தவன் நான். அறுக்காமல் விட்டால், அவள் திரும்பி வந்து காலி பக்கெட்டைப் பார்ப்பாள். கடைசியில் அவளிடமே சொல்லிவிடுவது என்று போனை எடுத்தேன். மண்ணை மிதித்ததையும், நேற்று பொய் சொன்னதையும் சொன்னேன்.

"கால்லயா மிதிச்சீங்க?"

"குதிகால்ல."

"ஐயோ மாமா." சிரிக்கிறாளா, அழுகிறாளா, தெரியவில்லை. "இன்னிக்கே அறுங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது."

"உங்க அத்த வேணாங்கறாம்மா."

"அத்த கிட்ட போன குடுங்க."

என் வீட்டுக்காரி போனைக் காதில் வைத்து நின்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்து அரிவாள்மணைக்குப் பக்கத்தில் இருந்த கத்தியை என் முன்னால் தரையில் வைத்தாள். கையில் தரவில்லை.

சாக்கைச் சுற்றித் தண்டைப் பிடித்தேன். முதல் அறுப்பு நாலு விரல் உயரத்தில். நடுவில் முழுக்கப் பழுப்பு. அடுத்தது கொஞ்சம் மேலே. அவள் எடுக்கச் சொன்ன கிளையும் அதோடு வந்தது, அதுவும் கெட்டுப்போயிருந்தது. பழுப்பு பாக்கு அளவுக்கு இருந்தது. மூன்றாவதில் கடுகு அளவு. அதை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். விடாதே என்று அவர் சொன்னது ஞாபகம் வர, நாலாவது தடவை அறுத்தேன். வெள்ளரிக்காய் நறுக்கின மாதிரி வெளிர்ப்பச்சை. மிச்சம் ஒரு முழம்தான். ஜன்னலுக்கு உள்பக்கம், நிழலில், பேப்பர் விரித்துச் சாய்த்து வைத்தேன்.

அடுத்த நாலு நாள் நானும் என் வீட்டுக்காரியும் பேசிக்கொள்ளவில்லை. போன் அடித்தால் அவள் என்னைப் பார்ப்பாள். நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

ஐந்தாம் நாள் காலை மகன் போனில் கூப்பிட்டான். பிரஷர் ஏறியதால் மருமகளை அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். அவன் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் என் வீட்டுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணு பொறந்திருக்குதுப்பா. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

பிறகுதான் என் வீட்டுக்காரி என்னிடம் பேசினாள்.

"போறப்ப அதையும் எடுத்துனு வா. அவ கண்ணால பாக்கட்டும்."

ஆஸ்பத்திரியில் இருந்து அவளை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு போனோம். பஸ்ஸில் கள்ளியைப் பேப்பர் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். முள் குத்துமென்று பக்கத்து ஆள் நகர்ந்து உட்கார்ந்தார். இரண்டு ஸ்டாப்புக்கு ஒருமுறை பேப்பரைப் பிரித்து அறுத்த இடத்தைப் பார்த்தேன். பழுப்பு எதுவும் தெரியவில்லை. தெரியாமல் உள்ளே இருக்குமோ?

குழந்தையை என் வீட்டுக்காரி வாங்கிக்கொண்டாள். மருமகள் கையை நீட்டிக் கள்ளியை வாங்கினாள். முகம் வீங்கி, கண் உள்ளே போயிருந்தது. அறுத்த பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். மூக்குக்குக் கொண்டுபோய் மோந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் ஈரம் இருக்குது மாமா" என்றாள். "பத்து நாள் காயட்டும். அப்பதான் பொழைக்குமான்னு சொல்ல முடியும்."

பேப்பரைத் திரும்பச் சுற்றி என் கையில் கொடுத்தாள்.