ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று

அபினை விட்டவனுக்குத் தூக்கம் வராது. இதை எவனும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விடு, விடு என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். விட்ட பிறகு என்ன ஆகும் என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள்.

திருச்சியில் தோல் மண்டியில் சுமை தூக்கி என் இடுப்பு போனது. வலிக்கு அபினைக் கொடுத்துப் பழக்கியவர்களே பிற்பாடு என்னை அபின்காரன் என்றார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கத்து டாக்டர் ஒருவர் அளவைக் குறைத்துக் குறைத்து அதை நிறுத்தினார். மூக்கு ஒழுகியது, வயிறு போனது, கால்கள் தாமாக உதைத்துக்கொண்டன. அதெல்லாம் அடங்கியது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை. கூடவே அழுகை. மனைவி சோறு போட்டால் தட்டைப் பார்த்து அழுதேன்.

டாக்டர் புதிதாக வந்திருந்த மாத்திரை ஒன்றை எழுதினார். மனச்சோர்வுக்கு என்றார். "தூக்கமும் வரும். ராத்திரி சாப்பாடு ஆனதும் ஒண்ணு போட்டுக்கோங்கோ. வாய் உலரும், மலம் கட்டும், பயப்படாதேங்கோ. சட்டுனு மட்டும் எழுந்திருக்காதேங்கோ, தலை சுத்தும்."

அந்த வாரமே நோன்பு மாதம் பிறந்தது.

நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் நான் நோன்பு வைக்காவிட்டால் தெரு என்ன சொல்லும் என்பது எனக்குத் தெரியும். போதாததற்கு, துறையூரில் துணிக்கடை வைத்திருந்த என் மனைவியின் அண்ணன் எங்கள் வீட்டில் வந்து தங்கினார். தங்கையைப் பார்க்க வந்தாராம். என்னைக் காவல் காக்க வந்தார். வந்த அன்றே சொல்லிவிட்டார்: "மாப்ள, இன்னொரு தடவை அதைத் தொட்டீங்கன்னு தெரிஞ்சா தங்கச்சியையும் புள்ளையையும் துறையூருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் வாசல்ல வந்து நிக்காதீங்க."

நோன்பு வைத்தேன். மாத்திரையையும் விடவில்லை. விடிவதற்கு முன் சஹர் சாப்பாடு முடிந்ததும் ஒன்று விழுங்கினேன். அந்த மாதம் எங்களுக்கு அதுதான் ராத்திரிச் சாப்பாடு. அந்தி சாய்ந்து நோன்பு திறக்கக் குடிப்பது கஞ்சி. அதை யாரும் சாப்பாடு என்று சொல்வதில்லை.

பகலெல்லாம் தூங்கி வழிந்தேன். இரவில் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். தண்ணீர் குடிக்க முடியாத வாயில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு குழறியது. சிறுநீர் கழிக்க உட்கார்ந்தால் லேசில் வராது, உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

"என்ன மாப்ள, காலையிலயே கண்ணு சொக்குது?"

"மாத்திரை மச்சான்."

"வெள்ளை மாத்திரையா, கறுப்பு மாத்திரையா?"

அபின் கறுப்பு. பதில் சொல்லியிருந்தால் அடிதடியில் முடிந்திருக்கும்.

ஒருநாள் மதியத் தொழுகை. தரையில் நெற்றி வைத்திருந்தவன் மற்றவர்களோடு எழுந்து நின்றேன். டாக்டர் மெதுவாக எழச் சொன்னது எங்கே நினைவிருக்கிறது? பள்ளிவாசல் சுழன்றது. முன்வரிசைக்காரர் முதுகில் போய் விழுந்தேன். தொழுகை முடிந்ததும் பின்னாலிருந்து ஒருவன், "நோன்பு வாயில அபினா? தூ!" என்றான். என் பக்கத்தில் நின்றிருந்த மச்சான் என் சட்டையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து பிள்ளையின் துணிகளை அடுக்கினாள். மச்சான் ஏசியதைத் தாங்கினேன். அவள் கேட்காததுதான் தாங்கவில்லை.

"டாக்டர்கிட்ட வாங்க மச்சான். அவர் அபின்னு சொன்னா நானே இவங்கள பஸ் ஏத்தி விடுறேன்" என்று கத்தினேன்.

பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனோம். டாக்டர் நடந்ததைக் கேட்டார். என் கண்ணில் டார்ச் அடித்தார், மச்சானையும் கூப்பிட்டுக் காட்டினார். "அபின் தின்னா கண்மணி கடுகாட்டம் சுருங்கிடும். இவருக்குப் பாருங்கோ, மிளகாட்டம் விரிஞ்சிருக்கு. இது மாத்திரையோட வேலை. அது சரி, எப்போ போட்டுக்கறேள்?"

"ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான்."

"எத்தனை மணிக்கு?"

"நாலரை."

டாக்டர் டார்ச்சைக் கீழே வைத்தார். "அது விடியக்காலம் ஓய்!"

"நோன்பு மாசம் டாக்டர். நீங்க கேக்கவே இல்லையே?"

"நீங்க சொல்லவே இல்லையே?"

அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. குப்புற விழுந்தவன் மட்டும் நான். உடம்பு தேறும்வரை நோன்பை விடச் சொன்னார். மாத்திரையை மாலைக் கஞ்சிக்குப் பிறகு என்று மாற்றினார்.

திரும்பி வரும்போது மச்சான், "விட்ட நோன்பைப் பின்னாடி வச்சுக்கலாம் மாப்ள" என்றார்.

"பள்ளிவாசல்ல எல்லாரும் பார்த்தாங்க. நீங்க அங்கயே சொல்லணும்."

சொன்னார். நான் விழுந்ததைப் பார்த்தது பள்ளிவாசல் முழுக்க. இவர் சொன்னதைக் கேட்டது இரண்டு பேர்.

மனைவி பெட்டியிலிருந்து துணிகளை எடுத்துக் கொடியில் போட்டாள். தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஆனால் மச்சான் ஊருக்குக் கிளம்புமுன் கடுகு, மிளகுக் கதையை அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து காலையில் டீயைக் கையில் தருமுன் என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணைப் பார்ப்பாள். மாத்திரை நின்று மாதக்கணக்கான பிறகும் பார்த்தாள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் என்னத்தடி தேடுறே?"

"நீங்க தூங்கிடுறீங்க" என்றாள். "நான் தூங்க வேணாமா?"