சுண்ணாம்பு தீர்ந்த ஆட்டம்: ஓசூரில் ஒரு ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை சிங்காரப்பேட்டையிலிருந்து ஓசூர் போனேன். மார்க்கர்கள் பரிசுப் பணத்துக்கு ஆடும் டென்னிஸ் போட்டி. மார்க்கர் என்றால் கிளப்பில் ஆடக் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவர். ஓசூர் கிளப்பில் இருபத்தாறு வருடம் கோர்ட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டவன் நான். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் தட்டுகிறாள். புது கோர்ட்டுக்கு யாராவது ஒரு மார்க்கரின் பெயரை வைக்கப் போகிறார்களாம். யார் எப்படி ஆடினார் என்று எழுதிவைத்த பழைய நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் யார் பெயர் என்று சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

காலை ஐந்தரை பஸ், கிருஷ்ணகிரிக்கு ஏழேகால். இட்லி, டீ நாற்பத்தைந்து ரூபாய். அங்கே மாரப்பா சேர்ந்துகொண்டான். எழுபது வயது, ஐந்து முறை கோப்பை வாங்கியவன். கோர்ட் பெயருக்கு அவனோடு போட்டி சுரேஷ், இந்தக் காலத்து ஆள், இரண்டு கோப்பை. மாரப்பா வெள்ளைப் பேன்ட்டின் இஸ்திரி கலையாமல் இருக்க நின்றுகொண்டே வந்தான்.

"அஞ்சு கப்பு மச்சான். ஒண்ணக்கூட முழுங்கிடாத."

"பாத்ததச் சொல்றேன்டா."

"பாத்தத மட்டும் சொல்லு. யோசிச்சதெல்லாம் சொல்லாத!"

கண்டக்டர், "உக்காருங்க பெருசு, பேன்ட்டுக்குத் தனி டிக்கெட் கேக்க மாட்டேன்" என்றார்.

ஐம்பது கிலோமீட்டர்தான்; சூளகிரி தாண்டி லாரி நெரிசலில் ஒன்றரை மணி நேரம். ஆட்டோக்காரர் கன்னடத்தில் நூற்றிருபது கேட்டார். மாரப்பா தெலுங்கில் பேசி எண்பதுக்கு இறக்கினான்.

முதல் சுற்றிலேயே சுரேஷுக்கு மூச்சு வாங்கியது. அஞ்செட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் மூன்றாவது செட் வரை இழுத்தடித்தார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கிளப் செயலாளர் மைக்கை என்னிடம் கொடுத்தார்.

"மாரப்பா அஞ்சு தடவ ஜெயிச்சான். அப்ப வந்தவங்க எட்டே பேரு. பாதிப் பேரு கம்பெனியில நைட் ஷிப்ட்டும் முடிச்சு கண்ணு சொருகி நின்னாங்க. பைனல் முடிஞ்சும் நான் போட்ட கோடு போட்டபடி கெடக்கும். இன்னிக்கி முப்பத்திரெண்டு பேரு, முத நாளே உயிரெடுக்கறாங்க. பேரு சுரேஷுக்குத்தான்."

மாரப்பா முகம் சிவந்து எழுந்தான். "டேய், என்கூட பஸ்ல வந்துட்டாடா இப்பிடி?"

"உக்காரு, இன்னும் முடிக்கல. ஒரே ஒரு வருசம் பெங்களூர்லேருந்து பதினோரு பேரு வந்தாங்க. அத்தனையும் புலி. மாரப்பா அரையிறுதியில தோத்தான். கேமுக்கு கேம் கோடு அழிஞ்சுது, ஒரே ஆட்டத்துல ரெண்டு மூட்டை சுண்ணாம்பு காலி. அவன் ஆடுனதுலயே பெரிய ஆட்டம் அதான்."

அந்த ஆட்டத்தை ஒவ்வொரு பாயின்ட்டாகச் சொன்னேன். சாப்பாடு ஆறிப்போனது, ஒருவரும் எழவில்லை. சுரேஷ் ராக்கெட்டை நீட்டி, "அந்த டிராப் ஷாட்ட எனக்குக் காட்டுங்கண்ணா" என்றான். மாரப்பா காட்டினான். பந்து வலையைத் தடவி அந்தப் பக்கம் செத்து விழுந்தது. சுரேஷ் ஓடியும் எட்டவில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அன்று சாயங்காலம் சுரேஷின் பெயர் வைத்த புது கோர்ட்டில் முதல் பந்தை மாரப்பாதான் அடித்தான்.

அடுத்த வருடம் போக நினைப்பவர்களுக்கு: அனுமதி இலவசம், நிழல் கிடையாது, தொப்பி அவசியம். இறுதி ஆட்டத்துக்கென்று காத்திருக்காதீர்கள், முதல் சுற்றுக்கே போய்விடுங்கள். ஒரு காலத்தின் பலம் ஜெயித்தவனிடம் தெரியாது, முதல் நாள் அவனைத் திணறடித்தவனிடம் தெரியும். மாரப்பா அங்கேதான் இருப்பான். தோற்ற ஆட்டத்தைக் கேளுங்கள். ஜெயித்த ஐந்தையும் கேட்காமலே சொல்லிவிடுவான்.