மூத்தவளின் மூடி

கல்லூரி விலங்கியல் துறையின் கடைநிலை ஊழியருக்கு 'எட்டுக்கால்' என்று பெயர் வைத்தது அவர் பெண்டாட்டிதான். பின்னே, பத்தொன்பது வருஷமாக ஒரு மண்மேட்டின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிற புருஷனுக்கு வேறென்ன பெயர் வைப்பாள்?

கல்லூரிக்குப் பின்னாலிருந்த அந்த மேட்டில் நாற்பத்து மூன்று மூடிச் சிலந்திகள். ஒவ்வொன்றும் விரல் நுழையுமளவு வளை தோண்டி, உள்சுவரில் நூல் பூசி, வாசலுக்கு மண்ணாலேயே மூடி செய்து, நூலால் கீல் வைத்துப் போட்டிருக்கும். மூடிவிட்டால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியாது. அதனால் வளைக்கொன்றாய்த் துணிக்கொடி நட்டிருந்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷமே அங்கிருந்த மூத்தவளுக்கு மட்டும் சிவப்பு.

ஒரு நாள் எவனோ கொடி இருந்த இடமாகப் பார்த்து இரண்டைத் தோண்டி விற்கக் கொண்டுபோய்விட்டான். கோபத்தில் அத்தனை கொடியையும் பிடுங்கி அடுப்பில் போட்டார். இனி எவன் கண்டுபிடிப்பான் என்று பெருமை வேறு. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் மனுஷன்.

மேட்டை வெட்டி வண்டி நிறுத்தக் கொட்டகை போடலாமா என்று பார்க்க வனத்துறை அதிகாரி ஒருவர் வந்தார். சிலந்திகள் நிறைய இருந்தால் வெட்டக் கூடாது. உச்சி வெயிலில் மேடு வெறும் மேடாகக் கிடந்தது.

"எங்கப்பா இருக்கு?"

"இதோ, இங்க, அங்க, எல்லா இடத்துலயும் இருக்கு சார். இருட்டினா தானா திறக்கும். சாயங்காலம் வரைக்கும் இருங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா? கண்ணால பாத்தாத்தான் எழுத முடியும். திறந்து காட்டு."

வெளியிலிருந்து நெம்பித் திறந்தால் கீல் கிழியும். வயசானது மறுபடி வளை கட்டாது. ஆனால் மற்றவை பிழைக்க வேண்டுமே. சந்தேகமில்லாமல் அவருக்குத் தெரிந்த வாசல் மூத்தவளுடையது. கத்தி நுனியை விட்டார். உள்ளேயிருந்து அவள் மூடியை இழுத்துப் பிடித்தாள். அந்த இழுப்பு அவர் விரலுக்குத் தெரிந்தது. நெம்பினார். மூடி பிய்ந்து வந்தது.

"சரி, ஒண்ணு. அடுத்தது?"

கை வரவில்லை. பிழைக்கத் தெரியாதவர். இன்னும் பத்தைக் கிழித்திருந்தால் மேடு தப்பியிருக்கும்.

'சிலந்தி ஒன்று. இடம் மாற்றலாம்' என்று எழுதிய அதிகாரி, ஒரு கண்ணாடிப் பாட்டிலை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

மறுவாரம் மேடு லாரியில் போயிற்று. வீட்டு ஜன்னலில் இருந்த பாட்டிலில் மண் நிரப்பியும் மூத்தவள் தோண்டவில்லை. ஓரமாக ஒடுங்கிக் கிடந்தாள்.

"விடுங்க. அத்தனையில ஒண்ணையாவது காப்பாத்திட்டீங்களே," என்றாள் மனைவி.

"அவ ஒருத்தி வீட்டைத்தான்டி நான் என் கையால உடைச்சேன்," என்றார் அவர்.