எதிரில் உட்கார்ந்து படிக்க ஒரு பெயர்

நான் எழுத்துக்கூட்டி முதலில் வாசித்தது என் அப்பாவின் பெயரை. அது அம்மாவின் இடது முன்கையில் இருந்தது. கல்யாணமான புதிதில் போடிச் சந்தையில் ஒருத்தி குத்திவிட்ட பச்சை. நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோதே எழுத்துகளின் ஓரம் பரவி, பாறையில் ஒட்டின பாசி மாதிரி ஆகியிருந்தது. எழுத்து எனக்குப் பிடிபட்ட நாளில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவளின் கையை நிறுத்தச் சொல்லி வாசித்தேன்.

"அதேதான் எழுதியிருக்கா?" என்று கேட்டாள் அம்மா. அதுவரை அவளுக்கு அது ஒரு நம்பிக்கைதான்.

அப்பா பெயரை அம்மா சொல்ல மாட்டாள். ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள்தான் எங்கள் லயம்; அங்கே அவள் வயதுப் பெண்கள் யாருமே புருஷன் பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ரேஷன் கடையிலோ எஸ்டேட் ஆஸ்பத்திரியிலோ புருஷன் பேர் என்னவென்று மலையாளத்தில் கேட்டால், சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு முன்கையை நீட்டுவாள். கேட்டவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. உடனே பின்னால் நிற்கிற என்னை முன்னால் இழுத்து விடுவாள். வெளியிடங்களில் அப்பா பெயரைச் சொல்வது என் பொறுப்பு. அவர் போன பிறகும் அப்படித்தான் இருந்தது. இறந்ததைப் பதியப் போனபோதும் அவள் கையைத்தான் நீட்டினாள், நான்தான் சொன்னேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன். படிப்பு முடிந்து எருத்தேன்பதிப் பக்கம் ஒரு பால் சங்கத்தில் வேலை கிடைத்தது. போடிமெட்டில் ஏறினால் மலையிறங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று வண்டி மாறி மாறிப் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகிவிடும். போய்ச் சேர்ந்த இடமும் கேரளாதான், அங்கேயும் பேசுவது தமிழ்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால், "உங்க தமிழு வேற தினுசா இருக்குதுங்களே" என்று சிரிப்பார்கள். கேலி இல்லை, மரியாதையான சிரிப்பு. இருந்தாலும் நான் பேசுவது குறைந்துபோனது. பால் ஊற்ற வருகிறவர்களிடம் லிட்டர் பேசுவேன், கொழுப்பு பேசுவேன். அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலைவரை ஒரு வார்த்தைக்கும் அவசியம் இருக்காது. மாட்டுத் தீவனக் கடைக்கு மேலே ஒரே அறை. அடுப்பு கிடையாது, சாப்பாடு மெஸ்ஸில். அம்மா போனில் கேட்டால், கூடப் பசங்க இருக்காங்க என்று சொல்லி வைத்திருந்தேன்.

போன வருடம் அம்மா ரிட்டயர் ஆனாள். வேலை முடிந்தால் லயத்து வீட்டை விட வேண்டும். கணக்கு முடிகிறவரை இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு எங்கே என்பதை நாங்கள் போனில் பேசவே இல்லை. அவள் கேட்கவில்லை. நல்ல வீடாகப் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நானும் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் சம்பந்தமே இல்லாமல் சொன்னாள்: "மஸ்டர்ல பேரு கூப்புடுற நேரத்துக்கு இன்னும் முழிப்பு வந்துருதுய்யா. எந்திரிச்சு உக்காந்துக்கிடுவேன்."

மஸ்டர் என்பது காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற இடம். மூடுபனியில் முகம் தெரியாது. சூப்பர்வைசர் பெயரைக் கூப்பிடுவார், பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். அம்மாவை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு இடத்தில்தான். லயத்தில் எல்லோருக்கும் அவள் இன்னாருடைய அம்மா. போனை வைத்த பிறகு அந்தப் பெயரை நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவளிடம் சத்தமாக ஒரு தடவையும் சொன்னதில்லை. எந்தப் பிள்ளை சொல்லும்?

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டுக்கு பஸ் ஏறினேன்.

டாட்டூ போடுகிற பையனுக்கு என் வயதுதான் இருக்கும். தமிழ் கொஞ்சம் பேசுவான், வாசிக்க வராது. காதலி பெயரா என்று கண்ணைச் சிமிட்டினான். அம்மா என்றதும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். போனில் விதவிதமான எழுத்துகளைக் காட்டினான். எதுவும் பிடிக்காமல் நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எது மேல், எது கீழ் என்று கேட்டான். சிரிப்பு வந்தது. பிறகு, அதை யார் வாசிக்க வேண்டும் என்று கேட்டான்.

"இது ஆர்க்கு வாயிக்கான்? உனக்கா, எதிரில் இருக்கிறவர்க்கா?"

கையில் போடுகிற எழுத்துக்கு இரண்டு பக்கம் உண்டாம். நாம் குனிந்தால் நேராகத் தெரிகிற மாதிரி போடலாம், எதிரில் உட்கார்ந்தவர்களுக்கு நேராகத் தெரிகிற மாதிரியும் போடலாம். கொஞ்சம் யோசித்து, எதிரில் இருப்பவருக்கு என்றேன். எதிரில் அம்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் மனதில் இருந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது அப்போது ஒரு காரணமாகவே தோன்றவில்லை. இடம் எங்கே என்றான். இடது முன்கை, அம்மாவுக்கு இருக்கிற அதே இடம். திரும்பி வரும்போது பஸ்ஸில் குனிந்து பார்த்தேன். எனக்கு அது தலைகீழாக இருந்தது.

தீவனக் கடைக்கார அம்மாதான் எனக்கு வீட்டுக்காரர். வாடகை கொடுக்கப் போனபோது கையைப் பார்த்துவிட்டு நிறுத்தி வாசித்தார். ஆரு பேருங்க என்றார். எங்க அம்மா பேருங்க என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அம்மா இல்லீங்களா தம்பி?"

"இருக்காங்க. ஊர்ல இருக்காங்க."

"இருக்கறவங்க பேரையா குத்துனீங்க?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்பதுபோல மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை போட்டேன்.

அடுத்த மாதம் லீவு கிடைத்து ஊருக்குப் போனேன். குளிக்க வெந்நீர் கொண்டுவந்து வைத்தபோது அம்மா என் கையைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். நான் காத்திருந்தேன். "என்னய்யா இது" என்று கேட்பாள், சொல்லலாம் என்று பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் வாளியை வைத்துவிட்டு, "ஆறுறதுக்குள்ள குளி" என்று சொல்லிப் போய்விட்டாள்.

அன்றைக்கு முழுவதும் அவள் அந்தக் கையின் பக்கம் பார்க்கவில்லை. கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். எனக்கு நடுவில் இலை போட்டாள், விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி. பக்கத்தில் உட்கார் என்றால் பிறகு சாப்பிடுகிறேன் என்றாள். உடம்பில் ஊசி குத்திக்கொண்டது பிடிக்கவில்லையோ, வீட்டுக்கார அம்மா மாதிரி இவளும் அபசகுனமாக நினைக்கிறாளோ என்று நான் வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலம் ஜன்னல் வழியே ஏலக்காட்டைப் பார்த்தபடி இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அறையில் தனியாக இருக்கும்போதுகூட அவ்வளவு தனியாக எனக்கு இருந்ததில்லை.

மறுநாள் காலை கிளம்பும்போது என் பையைத் திறந்து ஒரு சேலையை வைத்தாள். பிரிக்காத மடிப்பு. ரிட்டயர் ஆன அன்று, உடன் வேலை பார்த்தவர்கள் அவளுக்கு எடுத்துக் கொடுத்தது. மேலே மஞ்சளும் குங்குமமும் ஒரு பொட்டலம்.

"இது யாருக்கும்மா?"

"அந்தப் புள்ளைக்கு."

"எந்தப் புள்ள?"

"கையில வச்சிருக்கேல்ல." பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே பேசினாள். "ஒங்கப்பா பேரு ஏங்கையில கெடக்கு. ஒனக்கு ஒருத்தி பேரு இருக்கக் கூடாதா? மலையாளத்துப் புள்ளையா இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்லய்யா. சொல்லிட்டுக் கட்டியிருக்கலாம். நான் வந்து ஒங்களுக்கு எடைஞ்சலா இருக்க மாட்டேன். சித்தி ஊட்டுப் பக்கம் ஒரு ரூம்பு பேசியிருக்கேன்."

நான் சட்டைக் கையைச் சுருட்டினேன். அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"இது ஒன் பேரும்மா."

அவள் நம்பவில்லை. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தேன். அவள் பெயரை அவள் முன்னால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. கடைசி எழுத்து முடிந்ததும் "ம்" என்றாள். பனிக்குள்ளிருந்து மஸ்டருக்குச் சொல்கிற அதே "ம்". சொன்ன பிறகு அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

"இம்புட்டுத்தானா எம் பேரு?" என்றாள். தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்தாள். அப்பா பெயர் பெரியது. கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று முகம் மாறி நிமிர்ந்தாள்.

"அப்போ அங்க யாரும் இல்லியா? ஒத்தையிலயா கெடக்கே?"

கூடப் பசங்க இருக்காங்க என்று வாய்வரை வந்தது. சொல்ல முடியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

மேட்டில் போடிமெட்டுக்குப் போகிற ஜீப் ஹாரன் அடித்தது. அம்மா பையைத் திறந்து சேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பொட்டலத்தைச் சாமி படத்தின் முன்னால் வைத்தாள்.

"அடுப்பு இருக்கா?"

"இல்ல."

"வாங்கி வையி," என்றாள். "இந்தச் சேலையக் கட்டிக்கிட்டு வாறேன்."

எருத்தேன்பதி திரும்பியதும் வீட்டுக்கார அம்மாவிடம் அறையில் அடுப்பு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். யார் சமைப்பார்கள் என்றார். சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினேன்.