வாத்து முட்டையிடாத நாட்கள்

ஐம்பதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமான மறுவருடம் நடந்தது இது. கணவருக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. அங்கேயே குவார்ட்டர்ஸில் மாமனார், மாமியாரோடு இருந்தோம். மாமியார் கொல்லையில் ஏழெட்டுக் கோழிகள் வளர்த்தார்.

மாமனாருக்கு மூச்சு இளைப்பு. வாத்து முட்டை சாப்பிட்டால் குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கொள்ளிடக்கரை வயலில் வாத்து மேய்ப்பவர்களிடம் ஒரு பெட்டை வாத்தை வாங்கி வந்தார். அதையும் கோழிக்கூண்டிலேயே விட்டோம்.

பாவம் அது. பொழுது சாய்ந்ததும் கோழிகள் கூண்டுக்குள் இருந்த கம்பில் ஏறிக்கொள்ளும். வாத்தின் பாதத்துக்குக் கம்பைப் பிடிக்க வராது. கோழி எச்சம் விழுகிற இடத்தில்தான் படுத்திருக்கும். தவிட்டை ஒரு வாய் எடுத்தால் உடனே தண்ணீர் வேண்டும். சட்டியில் அலகை விட்டு அலசி, எல்லாவற்றையும் சேறாக்கிவிடும். கோழிகளிடம் கொத்து வாங்கும், மாமியாரிடம் திட்டு வாங்கும்.

கோழி முட்டையிட்டால் தெருவுக்கே தெரியும்படி கொக்கரிக்கும். வாத்து விடிவதற்குள் சத்தமில்லாமல் இட்டுவிட்டு, முட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே வந்துவிடும். காலையில் கூண்டைத் திறப்பது என் வேலை. அதனால் வாத்து முட்டையிட்டதா இல்லையா என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் முழுகாமல் இருந்து ஐந்தாவது மாதம் நடந்தபோது முட்டை நின்றுபோனது. வாத்து ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. கொல்லையைப் பெருக்கினால் நீள நீளமாக இறக்கை இறகுகள் வந்தன. கோழிகள் பிடுங்கியிருக்கும் என்று நினைத்துக் குப்பையோடு தள்ளிவிட்டேன்.

“முட்டை எங்கேடி?” என்றார் மாமியார்.

“வாத்து முட்டை போடலீங்க அத்தை.”

“இத்தனை நாளாப் போட்ட வாத்து, நீ வாயும் வயிறுமா ஆனதும் நிறுத்திக்கிச்சாக்கும்?”

ஒருநாள் அவரே சீக்கிரம் எழுந்து கூண்டைத் திறந்து பார்த்தார். முட்டை இல்லை. நான் அவருக்கும் முன்னால் எழுந்து எடுத்துவிட்டேன் என்று முடிவு கட்டினார். அன்று சாயங்காலமே குழாயடியில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நான் குடத்தோடு போனதும் பேச்சு நின்றது.

மாமனார் நல்லவர். மூச்சு வாங்கிக்கொண்டே, “விடு, பிள்ளைத்தாச்சிப் பொண்ணு, ஆசைப்பட்டிருக்கும்” என்றார். கணவரிடம் போய் நின்றேன். அவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கேட்டிருந்தா அம்மாவே குடுத்திருப்பாங்கள்ல?” என்றார். கோபமாக இல்லை, அன்பாகத்தான் சொன்னார்.

“நான் எடுக்கலீங்க.”

“சரி சரி. நான் ஒண்ணும் சொல்லல.”

வளைகாப்புகூட நடத்தாமல் என்னைத் திருவெள்ளறைப் பக்கம் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏன் இப்போதே வந்தாய் என்று அம்மா கேட்டபோது, மசக்கை இன்னும் விடவில்லை என்று பொய் சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்துக் கணவர் பார்க்க வந்தார். பேச்சோடு பேச்சாக, வாத்து மறுபடியும் முட்டை வைக்கிறது என்றார். சொன்னவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கிளம்பிப் போனதும் முட்டை வந்துவிட்டது. இதைவிட யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? என் வயிற்றில் குழந்தை புரண்டது. அவரிடம் அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

பிள்ளை பெற்றுத் திரும்பிப் போனேன். மாமியார் பேரனை வாங்கிக் கொஞ்சினார். “பழசை நான் மனசுல வச்சுக்கல” என்றார். அடுத்த வீட்டம்மா, “உன் மாமியாருக்குப் பெரிய மனசு” என்று என்னிடமே சொன்னார்.

அறுபதுகளின் நடுவில் ஸ்ரீரங்கத்தில் மேலூர்ப் பக்கம் குடிபோனோம். மாமனார் காலமாகிவிட்டார், மாமியார் எங்களோடுதான் இருந்தார். அங்கே நானே நாலைந்து வாத்து வளர்த்தேன். அவற்றோடு ஒரு கோழிகூடக் கிடையாது. ஒரு சமயம் எல்லா வாத்தும் சேர்ந்தாற்போல் இறக்கை இறகை உதிர்த்தன. முட்டை அடியோடு நின்றது. பொன்மலையில் குப்பையோடு தள்ளிய இறகுகள் நினைவுக்கு வந்தன. காத்திருந்தேன். புது இறகு முளைத்து நிறைந்த பிறகு, தாமாகவே இட ஆரம்பித்தன.

அந்த முதல் முட்டையை எடுத்துக்கொண்டு மாமியாரிடம் ஓடினேன். கணவரும் பக்கத்தில் இருந்தார்.

“பாத்தீங்களா அத்தை? இறகு உதிர்ந்தா முட்டை நின்னுபோகுது. அன்னைக்கும் இதுதான் நடந்துச்சு.”

அவர் முட்டையை வாங்கி உருட்டிப் பார்த்தார். “அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேம்மா. நீயும் மறந்துடு” என்றார். ஆமாம் என்று கணவர் தலையாட்டினார்.

என்னைத் திட்டிய வார்த்தைகள் பலவும் இந்த வயதில் எனக்கு மறந்துபோய்விட்டன. செய்யாத ஒன்றுக்காக என்னை மன்னித்தார்களே, அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.